வேத வாசிப்பு அடிக்கடி நின்றுபோகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யலாம்

உங்கள் வேதாகமத்தை மூடி, பக்கங்களின் வெளி ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். என்னுடையதில் ஆரம்பத்தில் ஒரு விரல்கடை அகலத்துக்கு விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கிறது. நடுவில், சங்கீதம் இருக்கும் இடத்தில், மங்கலாக ஒரு பட்டை. பின்னால் சுவிசேஷங்களில் இன்னொன்று. மீதியெல்லாம் வாங்கிய அன்றைய வெள்ளை. அந்த முதல் கறுப்புப் பட்டைதான் என் ஜனவரி மாதங்கள். ஒவ்வொரு வருஷமும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் தொடங்கி, ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றிருக்கிறேன்.

ரொம்ப நாள் வரை இதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: நமக்கு பக்தி போதாது. அதற்குச் செய்த வைத்தியமும் ஒன்றுதான்: அடுத்த வருஷம் இன்னும் பெரிய தீர்மானம். மோட்டார் நின்றுபோனால் அதைத் திட்டிக்கொண்டு யாரும் நிற்பதில்லை. ஃபியூஸ் போயிற்றா, தண்ணீர் இறங்கிவிட்டதா, எங்காவது அடைப்பா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். வாசிப்பையும் அப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு அது ஓட ஆரம்பித்தது. பார்த்ததில், பழுது பெரும்பாலும் அளவிலும் இடத்திலும் இருந்தது. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போங்கள். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை.

அறிகுறி: ஜனவரியில் உற்சாகமாகத் தொடங்கினேன், மாதம் முடிவதற்குள் நின்றுவிட்டது

அநேகமாக எல்லோரும் இங்கேதான் விழுகிறோம். கணக்கைப் பாருங்கள். 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். ஒரே வருஷத்தில் முடிக்க ஒரு நாளைக்கு மூன்றுக்குச் சற்று மேல் வரும். மூன்று என்றே வைத்துக்கொள்வோம். ஆதியாகமம் 50 அதிகாரமும் தானாக ஓடும். ஆபிரகாம், யாக்கோபு, யோசேப்பு என்று குடும்பக் கதை, சண்டை, வஞ்சகம், அழுகை, சமாதானம். யாத்திராகமத்திலும் எரியும் முட்செடி, வாதைகள், கடல் பிளப்பது, பத்துக் கட்டளைகள் வரை பிரச்சினையே இல்லை.

பிறகு 25ஆம் அதிகாரம். ஆசரிப்புக் கூடாரம், அதாவது ஆராதனைக்கான கூடாரம், கட்டும் அளவுகள். எத்தனை முழம், எத்தனை வளையம், எத்தனை கொக்கி, எந்த நூலில் எந்த நிறம். ஒரு நாளைக்கு மூன்று அதிகாரம் என்றால் இந்த இடத்துக்கு நீங்கள் வந்து சேரும் தேதி சரியாக ஜனவரி 25. நடுவில் 32இல் பொன் கன்றுக்குட்டி வந்து ஒரு குலுக்குக் குலுக்கும். 35 முதல் அதே கூடாரம், அதே வளையம், அதே கொக்கி, இந்த முறை கட்டி முடித்ததாக. அதைத் தாண்டியவர்களை ஜனவரி 31ஆம் தேதி லேவியராகமம் வரவேற்கும். முதல் ஏழு அதிகாரமும் பலிகளின் செய்முறை. நின்றுபோவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சரி, என்ன செய்வது? முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போக வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். இது ஒரே அட்டைக்குள் கட்டிய ஒரு நூலகம் (கத்தோலிக்க வேதாகமத்தில் 73 புத்தகங்கள்). நூலகத்துக்குப் போனால் முதல் அலமாரியின் முதல் புத்தகத்திலிருந்து வரிசையாக எடுப்போமா?

நான் யாருக்காவது சொல்வதென்றால் இப்படிச் சொல்வேன்: முதலில் மாற்கு, 16 அதிகாரம். சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, வேகமாக நடப்பது. அடுத்து ரூத், 4 அதிகாரம். அப்புறம் யோனா, 4 அதிகாரம், மொத்தமே 48 வசனம். அதன்பின் பிலிப்பியர், அதுவும் 4. இந்த நான்கையும் முடித்தால் ஒரு கதை, ஒரு குடும்பம், ஒரு ஓடிப்போன தீர்க்கதரிசி, சிறையிலிருந்து எழுதிய ஒரு கடிதம் என்று நான்கு வகை எழுத்தையும் தொட்டிருப்பீர்கள். நான்கு புத்தகம் முடித்த தெம்பும் இருக்கும். ஆதியாகமத்துக்கு அதன் பிறகு போகலாம்.

லேவியராகமத்தை என்ன செய்வது என்று கேட்டால், தள்ளிவிடச் சொல்ல மாட்டேன். முன்வாசல் வழியாக நுழைய வேண்டாம் என்றுதான் சொல்வேன். பக்கவாசல் ஒன்று காட்டுகிறேன். லூக்கா 2ஆம் அதிகாரத்தில் குழந்தை இயேசுவை எருசலேமுக்குக் கொண்டுபோகிறார்கள். பலியாக ஒரு ஜோடு காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு என்று 24ஆம் வசனம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் எத்தனை தடவை இதைக் கேட்டிருப்போம்! இப்போது லேவியராகமம் 12ஐத் திறங்கள். எட்டே வசனம். பிள்ளை பெற்றவள் ஒரு ஆட்டுக்குட்டியைக் கொண்டுவர வேண்டும். அதற்கு அவளுக்குச் சக்தியில்லாவிட்டால் இரண்டு புறா போதும் என்று கடைசி வசனம் சலுகை தருகிறது. அப்படியானால் மரியாளும் யோசேப்பும் ஆட்டுக்குட்டி வாங்க வழியில்லாத வீட்டார். லூக்கா ஒரு இடத்திலும் 'ஏழைகள்' என்று சொல்லவில்லை. புறாவைச் சொன்னார், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்த அன்று லேவியராகமத்தின் மேல் எனக்கிருந்த பயம் பாதி போய்விட்டது.

இன்னொரு வாசல்: வயலை அறுக்கும்போது ஓரத்தைத் தீர அறுக்காமல், சிந்தியதையும் பொறுக்காமல், எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியராகமம் 19 சொல்கிறது. ரூத் 2ஆம் அதிகாரத்தில் அவள் போவாஸின் வயலில் கதிர் பொறுக்குவது இந்தச் சட்டத்தின் தயவில்தான். ரூத்தை வாசித்த கையோடு இதைப் பாருங்கள்.

அறிகுறி: இரண்டு நாள் விட்டேன், அதோடு எல்லாம் போச்சு

கந்துவட்டி மாதிரி ஏறுகிற கடன் இது. மூன்று அதிகாரத் திட்டத்தில் ஐந்து நாள் காய்ச்சலில் படுத்தால் 15 பாக்கி. ஆறாம் நாள் எழுந்தால் அன்றையதும் சேர்த்து 18. அந்த எண்ணைப் பார்த்ததும் மனம் புத்தகத்தையே மூடிவிடும்.

ஒரு வருஷம் அடைத்தே தீருவது என்று உட்கார்ந்தேன். பிப்ரவரி 19ஆம் தேதி. லேவியராகமத்தை எப்படியோ முடித்திருந்தேன். பாக்கி 33 அதிகாரம். மதியம் தொடங்கி எண்ணாகமம் 7க்கு வந்தேன். 89 வசனம். பன்னிரண்டு கோத்திரத்துப் பிரபுக்களும் ஆளுக்கு ஒரு நாளாகக் காணிக்கை கொண்டுவருகிறார்கள். பன்னிரண்டு பேரும் கொண்டுவருவது ஒரே காணிக்கை. அதே வெள்ளித்தாலம், அதே எடை, அதே ஆடுகள், பன்னிரண்டு தடவையும் முழுசாக எழுதியிருக்கிறது. ஆறாவது பிரபு வந்தபோது நான் தூங்கிவிட்டேன். எழுந்தபோது விளக்கு வைக்கும் நேரம். அந்த வருஷம் அதோடு முடிந்தது.

அன்று எடுத்த முடிவு: பாக்கி அடைப்பதே இல்லை. விட்ட நாள் விட்டதுதான். எந்தப் பக்கத்தில் நாடா இருக்கிறதோ அங்கிருந்து தொடர வேண்டும். உங்கள் அட்டவணையில் தேதி அச்சடித்திருந்தால் பேனாவை எடுத்து தேதிகளை அடித்துவிடுங்கள். வரிசை மட்டும் இருக்கட்டும். தேதி இல்லாத அட்டவணையில் பின்தங்கவே முடியாது.

இதற்கு ஒத்துவரும் கணக்கு ஒன்றும் உண்டு. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால், 52 வாரத்தில் 260. ஒரு அதிகாரம்கூட மிச்சமில்லை. யாரும் திட்டமிட்டு வைத்தது அல்ல, ஆனால் இதைவிட வசதியான எண்ணிக்கை அமையாது. வாரத்தில் இரண்டு நாள் சும்மா கிடக்கும். அந்த இரண்டு நாள்தான் உங்கள் காய்ச்சலுக்கும் பயணத்துக்கும் விருந்தாளிக்கும்.

ஒரு நாள் விட்டால் பழக்கம் உடைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2010இல் அச்சில் வந்தது. சாப்பாட்டோடு ஒரு பழம், ஒரு நடை என்று ஆளுக்கொரு சின்னச் செயலைத் தேர்ந்தெடுத்துத் தினமும் செய்தார்கள். அது தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபாடு. நடுவில் ஒரு தடவை விட்டுப்போனதால் பெரிய சேதம் ஏதும் இல்லை என்றும் கண்டார்கள். (66 என்ற எண்ணைப் பார்த்ததும் பிரசங்கியார்களுக்குக் கை பரபரக்கும். தற்செயல்தான், விட்டுவிடுங்கள்.) ஆக, 'இருபத்தொரு நாளில் பழக்கம்' என்று யாராவது சொன்னதை நம்பி இருபத்திரண்டாம் நாள் சோர்ந்துபோயிருந்தால், உங்கள் மேல் தப்பு இல்லை.

ரொம்ப மோசமான நாளுக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது சங்கீதம் 117. இரண்டே வசனம். நின்றுகொண்டே வாசித்துவிடலாம்.

அறிகுறி: கண் வரிகளில் ஓடுகிறது, மூடியதும் ஒன்றும் நினைவில்லை

இதற்கு இரண்டு மூன்று காரணம் சேர்ந்திருக்கும். முதலாவது, அதிகாரத்தை அளவுகோலாக வைப்பது. சங்கீதம் 117 இரண்டு வசனம். இரண்டு தள்ளி வரும் 119 மொத்தம் 176 வசனம். இரண்டுமே 'ஒரு அதிகாரம்' என்றால் அது என்ன அளவு? எழுதியவர்கள் அதிகாரம் பிரிக்கவும் இல்லை. இன்று நம் கையிலிருக்கும் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்பவர் செய்தது என்பார்கள். புதிய ஏற்பாட்டில் நாம் பயன்படுத்தும் வசன எண்கள் அதற்கும் பிறகு, 1551இல் ராபர்ட் எஸ்டியென் என்ற அச்சுக்காரர் போட்டவை. சில இடங்களில் வெட்டு நடு எலும்பில் விழுந்திருக்கிறது. ஏசாயா 53ஐத் தனியாக வாசித்தால் தலை இல்லாமல் இருக்கும். அந்தப் பாட்டு 52ஆம் அதிகாரம் 13ஆம் வசனத்திலேயே தொடங்கிவிடுகிறது.

அதனால் அதிகாரத்தை மறந்துவிட்டு ஒரு சம்பவம், ஒரு பாட்டு, ஒரு வாதம் எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஏழு வசனமானாலும் சரி. சங்கீதம் 119ஐ எட்டு எட்டு வசனமாக எழுதியவரே பிரித்து வைத்திருக்கிறார், எபிரெய எழுத்துக்கள் 22க்கும் ஒரு பத்தி வீதம். ஒரு நாளைக்கு ஒரு பத்தி, 22 நாள்.

இரண்டாவது, வாய் மூடி வாசிப்பது. அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறான். பிலிப்பு ஓடிப்போய்ச் சேர்ந்து, அவன் வாசிப்பதைக் கேட்கிறான் என்று எழுதியிருக்கிறது. கேட்கிறான் என்றால் மந்திரி சத்தமாக வாசித்திருக்கிறான். இந்த எழுத்துக்கள் காதுக்காக எழுதப்பட்டவை. கண் தாண்டிப்போகும் வரியை நாக்கு தாண்டாது. சத்தமாக வாசிக்க வெட்கமாக இருந்தால் உதடு அசைத்தால் போதும்.

மூன்றாவது, கையில் ஏதும் இல்லாமல் வாசிப்பது. ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். 'இன்று தேவன் எனக்குக் கற்பித்தது' என்ற தலைப்பெல்லாம் வேண்டாம். தினமும் பாடம் எழுத வேண்டுமென்றால் மனம் பொய் சொல்லத் தொடங்கிவிடும். கண்ணில் பட்டதை எழுதினால் போதும். என் நோட்டில் மாற்கு 4:35 முதல் 41 வரை வாசித்த அன்று இருப்பது இவ்வளவுதான்:

"சாயங்காலம். வேறே படவுகளும் கூட இருந்தன. அவை என்னவாயின? தலையணை! 'கவலையில்லையா' என்று கேட்கிறார்கள், 'காப்பாற்றும்' என்று கேட்கவில்லை. காற்று நின்ற பிறகு 'மிகவும் பயந்து'. புயலை விட அவரைப் பார்த்து அதிக பயமா?"

ஐந்தாறு வரி. பென்சிலோடு மூன்றாம் முறை வாசித்தபோதுதான் தலையணை கண்ணில் பட்டது. மத்தேயுவும் லூக்காவும் இதே புயலைச் சொல்கிறார்கள். தலையணை மாற்குவில் மட்டும்தான் இருக்கிறது. கூட வந்த மற்றப் படகுகளும் அப்படித்தான். பார்த்தவர் யாரோ சொல்லிக் கேட்டது போல இருக்கிறது, இல்லையா? ஞாயிறு பள்ளி நாளிலிருந்து தெரிந்த கதை, அன்றுதான் முதல் தடவை கேட்டது போல இருந்தது. படகு எனக்குக் கிடைத்தது, பாடம் கிடைக்கவில்லை. அதுவே போதும் என்று மூடி வைத்தேன்.

அறிகுறி: தமிழே புரியவில்லை

இதைச் சொல்லப் பலருக்குக் கூச்சம். தேவையில்லை. நம்மில் பலர் வீட்டில் வைத்திருக்கும் பழைய திருப்புதலின் (மொழிபெயர்ப்பின்) மொழி, 1871இல் ஹென்றி பவர் தலைமையில் திருத்தி முடித்த பதிப்பின் மொழி. நூற்றைம்பது வருஷத்தில் சொற்கள் இடம் மாறிவிட்டன. எபேசியர் 6இல் 'ஆவியின் பட்டயம்' என்று வரும். இன்றைக்கு பட்டயம் என்றால் படித்து வாங்குவது. அங்கே அது வாள். 'ஆயக்காரன்' என்றால் வரி வசூலிப்பவன். மேலே சொன்ன புயலில் இயேசு தூங்கியது 'கப்பலின் பின்னணியத்தில்', அதாவது படகின் பின்பகுதியில். இந்த மூன்று சொல்லையும் தெரியாமல் வாசிக்கிறவர் தன் விசுவாசத்தைச் சந்தேகப்படுவது அநியாயம்.

பழையதன் ஓசைக்கு ஈடு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்பதை நாக்கு விட்டுக்கொடுக்காது. ஆனால் 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு அதையே "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்கிறது. 'தாழ்ச்சியடையேன்' என்பதை 'தாழ்ந்துபோக மாட்டேன்' என்று நான் பல வருஷம் எடுத்துக்கொண்டிருந்தேன். குறைவுபட மாட்டேன், தேவையானது இல்லாமல் போகாது என்பதுதான் அங்கே கருத்து.

புரியும் மொழிபெயர்ப்பில் முதலில் வாசியுங்கள். பிடித்த பகுதியைப் பழையதில் ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள். சிறுவர்களுக்கான எளிய பதிப்பு என்றாலும் பரவாயில்லை, யாரும் பார்க்கப் போவதில்லை. கடிதங்கள், முக்கியமாக ரோமர், பழைய நடையில் ஒரே வாக்கியம் நாலைந்து வசனத்துக்கு நீளும். அங்கே எளிய மொழிபெயர்ப்பு இல்லாமல் எனக்கு இன்றும் ஓடாது.

அறிகுறி: போனில் வேதாகமம் திறந்தேன், பத்து நிமிஷம் கழித்து வேறெங்கோ இருந்தேன்

காகிதப் புத்தகம். வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை. அது முடியாதவர்கள் திறக்கும் முன் ஏரோப்ளேன் மோடு போடுங்கள். செயலியில் தரவிறக்கிய பதிப்பு இணையம் இல்லாமலும் திறக்கும். தொடர்ச்சியாக இத்தனை நாள் வாசித்தீர்கள் என்று எண்ணிக் காட்டும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். 140 நாள் ஓடி ஒரு நாள் பூஜ்யமானால் வரும் கசப்பு, 140 நாளில் வாசித்ததையும் மறக்கடித்துவிடும்.

அறிகுறி: நேரமே கிடைப்பதில்லை, அல்லது எடுத்தாலே தூக்கம்

இரண்டும் ஒரே பழுது. 'நேரம் கிடைக்கும்போது' என்று வைத்தால் கிடைப்பது இரவு பதினொன்று, படுக்கையில். அந்த நேரத்தில் துப்பறியும் கதையை வாசித்தாலும் தூக்கம்தான் வரும். கெத்செமனேயில் சீஷர்களுக்கே ஒரு மணி நேரம் விழித்திருக்க முடியவில்லை. உங்களை நீங்களே ரொம்ப வதைத்துக்கொள்ள வேண்டாம்.

எத்தனை மணிக்கு என்று கடிகாரத்தைப் பார்த்துத் தீர்மானிக்காமல், எதற்கு அடுத்து என்று தீர்மானியுங்கள். தினமும் தவறாமல் நடக்கும் ஏதாவது ஒன்று இருக்கும்: பல் துலக்குவது, காலை காபி, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிப்போன அந்த நிமிஷம். அதன் வாலில் இதைக் கட்டுங்கள். புத்தகம் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும், திறந்தபடி, பென்சில் நடுவில். அலமாரியில் உறை போட்டு வைத்த வேதாகமத்தை எடுக்கவே ஒரு தனி முடிவு வேண்டும்; காலையில் அதற்குத் தெம்பு இருக்காது. மரியாதைக் குறைவாகப் போட்டு வைத்திருக்கிறீர்களே என்று என் வீட்டில் பெரியவர் ஒருவர் கேட்டார். வாசிக்காமல் உறைக்குள் வைப்பதுதான் மரியாதையா என்று கேட்க வாய் வரை வந்தது. பெரியவர், அதனால் விழுங்கிவிட்டேன்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாததும் ஒரு தடைதான். ஒரு தடவை கடிகாரம் வைத்து மாற்கு முதல் அதிகாரத்தை, 45 வசனத்தையும், நிதானமாகச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். மனதில் இருந்த அரைமணி நேரம் எவ்வளவு சுருங்குகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

அறிகுறி: கண்ணை மூடித் திறந்த பக்கத்தைத்தான் வாசிக்கிறேன், சில நாள் அருமை, சில நாள் ஒன்றுமே ஒட்டவில்லை

அந்த அருமையான நாள் ஒரு வசனத்தைப் பிடித்திருக்கும். எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள், வாழ்த்து அட்டையில் அதிகம் வருவது: தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். தனியாகப் பார்த்தால் நாளைக் காலையில் நடக்கப்போவது போல இருக்கும். முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று எல்லோருக்கும் பிடித்ததைச் சொல்லியிருக்கிறான். எரேமியா சொல்வது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், நாளாகும். அதை வாசித்துக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிப் போவதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகு அந்த வசனத்தின் கனமே வேறு.

சின்னத் திருத்தம் போதும். திறந்த பக்கத்தில் பிடித்த வசனம் கிடைத்தால், அன்றே அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். அடுத்த நாள் கண்ணை மூட வேண்டாம், அங்கிருந்தே தொடருங்கள்.

அறிகுறி: வாசித்தால் சமாதானம் வரும் என்றார்கள், எனக்குக் கோபம்தான் வருகிறது

ஒரு பெண்ணை ஒரு கும்பல் இரவெல்லாம் சீரழித்துச் சாகவிடும் நியாயாதிபதிகள் 19ஐ வாசித்துவிட்டு யாருக்கும் சமாதானம் வரக் கூடாது. நடந்ததைச் சொல்வது வேறு, அதை மெச்சுவது வேறு. அந்தப் புத்தகம் முடியும் வரி 'அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்தான்' என்பது. எழுதியவருக்கும் வயிறு எரிந்திருக்கிறது. ஓரத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டு, மேலே போங்கள். எல்லாக் கேள்விக்குறியும் போகாது. என்னுடையதில் பத்து வருஷமாக நிற்கும் சில உண்டு. கேட்க ஆள் இருந்தால் கேளுங்கள். அந்த எத்தியோப்பிய மந்திரியும் "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால்" எப்படித் தெரியும் என்றுதான் கேட்டான்.

பெயர்ப்பட்டியல்கள், குறிப்பாக 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரம், முதல் சுற்றில் தாண்டிப் போங்கள். பாவமில்லை.

அறிகுறி: வாட்ஸ்அப் குழுவில் 'முடித்தேன்' என்று போடத்தான் வாசிக்கிறேன்

குழு கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கட்டைவிரல் படம் அனுப்பும் அவசரத்தில் கடைசிப் பத்து வசனத்தை நான் தாண்டியிருக்கிறேன், ஒரு தடவை அல்ல. இந்த நோய் பழையது. ஸ்காட்லாந்தில் ராபர்ட் மரே மக்செய்ன் என்ற இளம் போதகர் தன் சபைக்காக 1842இல் ஒரு வாசிப்பு அட்டவணை போட்டார். ஒரு நாளைக்கு நான்கு இடத்தில் வாசிப்பு. வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவை. இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். அதைக் கொடுக்கும்போதே அதில் உள்ள ஆபத்துகளையும் எழுதியிருந்தார்: வெறும் சடங்காகிப்போவது, முடித்துவிட்டோம் என்ற சுயநீதி, கவனமில்லாத வாசிப்பு, சிலருக்குத் தாங்க முடியாத நுகமாவது. நூற்றெண்பது வருஷத்துக்கு முன்பே நம் குழுவைப் பார்த்துவிட்டார் போல.

'முடித்தேன்' என்பதற்குப் பதில், அன்று கண்ணில் பட்ட ஒரு விஷயத்தை ஒரு வரியில் போடச் சொல்லிப் பாருங்கள். தலையணை மாதிரி. எண்ணிக்கை குறையும், பேச்சு கூடும். இல்லையென்றால் ஒரே ஒரு நண்பரோடு வாரம் ஒரு தடவை பேசினால் போதும்.

அறிகுறி: எல்லாம் செய்து பார்த்தாயிற்று, எழுத்தைப் பார்க்கவே முடியவில்லை

உடம்பு முடியாதவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், துக்கத்தில் இருப்பவர்கள் இங்கே வருவார்கள். கேட்கலாம். அச்சு வருவதற்கு முன் ஆளுக்கொரு புத்தகம் யாரிடமும் இல்லை. பெரும்பாலான விசுவாசிகள் கேட்டவர்கள்தான். கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தைச் சபையில் வாசித்துவிட்டு லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்று பவுலே சொல்கிறார். தினமும் தனியாக உட்கார்ந்து வாசிக்காதவன் விசுவாசி இல்லை என்றால், முதல் பதினான்கு நூற்றாண்டில் ஏறக்குறைய யாருமே தேற மாட்டார்கள். ஒலிப்பதிவில் ஒரு சங்கீதத்தைப் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்காருங்கள்.

எதைப் போடுவது என்று தெரியாவிட்டால் 88. பல புலம்பல் சங்கீதங்கள் முடிவில் துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்புவதில்லை. இருட்டிலேயே முடிகிறது. அதையும் வெட்டாமல் உள்ளே வைத்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் இதே நிலை நீடித்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போனால், மருத்துவரையும் பாருங்கள். அட்டவணை காத்திருக்கும்.

அறிகுறி: இரண்டு வாரமாக நன்றாகப் போகிறது. மூன்று அதிகாரமாகக் கூட்டலாமா?

வேண்டாம். மாற்கு முடியட்டும். இன்னும் கொஞ்சம் வாசிக்கலாமே என்று தோன்றும்போதே மூடிவிடுங்கள். பென்சிலை அந்த வரியிலேயே வையுங்கள். நாளைக்கு அந்த இடத்திலிருந்து எடுக்க மனம் தானாக வரும். ரூத்தும் யோனாவும் பிலிப்பியரும் முடிந்த பிறகும் அதே ஆசை இருந்தால் அப்போது ஒன்று கூட்டிக்கொள்ளலாம். அதுவும் ஜனவரி 1ஆம் தேதி வேண்டாம். ஏதாவது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை.